சி.சி.க்கு வரி உண்டு, புகைக்கு இல்லை

2008-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி மாலை. கிள்ளானில் அன்று கார் வைத்திருந்தவர்கள் யாரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறுகிறது என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி அறிவித்தார். கொஞ்ச நேரத்திலேயே பெட்ரோல் நிலையங்களின் முன்னால் வரிசை பிடிக்கத் தொடங்கிவிட்டது. நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவி. அப்பாவின் 1.3 புரோட்டோன் சாகாவில் பின்னிருக்கையில் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் பெரிய சாலை வரைக்கும் ஒரு வரிசை. இரண்டு மணி நேரம் காத்திருந்து முப்பது லிட்டர் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். மிச்சம் 23 வெள்ளி. அந்த இரண்டு மணி நேரமும் அப்பா எஞ்சினை நிறுத்தவே இல்லை என்பது இப்போது நினைத்தால்தான் உறைக்கிறது.

சில வாரங்கள் கழித்து அப்பா அஞ்சலகத்துக்குப் போய் 625 வெள்ளி வாங்கி வந்தார். எண்ணெய் விலையை ஏற்றியதற்கு ஈடாக, 2,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் கார்களுக்கு அரசாங்கம் கொடுத்த கழிவுத் தொகை அது. சாலை வரியைப் புதுப்பித்தவர்களுக்கே கிடைத்தது. அப்பாவின் சாகாவுக்கு ஆண்டுச் சாலை வரி 70 வெள்ளி. 70 வெள்ளி கட்டியவருக்கு 625 வெள்ளி திரும்பி வந்தது! வீட்டில் அன்று கோழி சமைத்தோம்.

அண்மையில் தொலைக்காட்சி அரங்கில் "கார் வரியால் காற்றைக் காப்பாற்ற முடியுமா?" என்று பேச வேண்டி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த 625 வெள்ளிதான். அரங்கில் நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் படித்தது வெகுஜனத் தொடர்பில் டிப்ளோமா. எஞ்சினைத் திறந்து பார்த்தவள் அல்ல. ஆனால் வரிக் கணக்கைப் படிக்க எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோ! போட்டதைவிட வெளிவருவது எப்படிக் கூடுதலாக இருக்கும் என்று பலர் அரங்கில் கேட்டார்கள். பெட்ரோலில் உள்ள கரி காற்றிலிருக்கும் பிராணவாயுவோடு சேர்ந்துகொள்கிறது, அந்த எடையும் கூடிவிடுகிறது. டீசலுக்கு இது லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. ஆக, ஒரு கார் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்பது அது எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சினின் சி.சி.யை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டிலோ சாலை வரி சி.சி.யைப் பார்க்கிறது. இது எங்கிருந்து வந்த பழக்கம்? சற்றே பின்னோக்கிப் போவோம்.

சிலிண்டரின் வாய்க்கு வரி போட்ட காலம்

கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைத்தது ரயில். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரம் புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றுக்குப் பாலம் போட்டு ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையால் பெயர் பெற்று, ரயில்வேயால் வளர்ந்தது. தண்டவாளம் போடத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும், கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் அங்கேதான் குடியேறினார்கள். என் தாத்தாவும் ரயில்வேக்காரர். பிரிக்பீல்ட்ஸ் 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' குடியிருப்பில் இருந்தவர். (அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை.) அவர் கடைசி வரை கார் வாங்கவே இல்லை.

1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. பிரிட்டிஷ் கார்கள் மலாயாவுக்குக் கப்பலில்தான் வந்தன. ஆஸ்டின், மோரிஸ் என்று பெயர் சொன்னாலே பெரியவர்களுக்கு முகம் மலரும். தோட்டத்து டிரஸ்ஸரும் பள்ளி ஆசிரியரும் மோரிஸ் மைனர் வைத்திருந்தால் அந்த வட்டாரத்துக்கே அது ஒரு பெருமை. அந்தக் கார்களின் எஞ்சின் ஏன் அப்படி ஒடுங்கி நெடிதாக இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குக் காரணம் ஒரு வரி. பிரிட்டனில் 1921 முதல் கார்களுக்கு 'குதிரைத் திறன்' அடிப்படையில் வரி விதித்தார்கள். ஒரு குதிரைத் திறனுக்கு ஒரு பவுண்டு. அந்தத் திறனை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டர் வாயின் விட்டத்தையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். சிலிண்டர் எவ்வளவு ஆழம் என்பது அந்தச் சூத்திரத்தில் கிடையாது. கார் தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? வாயை ஒடுக்கி ஆழத்தைக் கூட்டிவிட்டார்கள்! 1930-களின் மோரிஸ் எய்ட் எஞ்சினுக்கு விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். வாய் அகன்ற எஞ்சினோடு வந்த அமெரிக்க ஃபோர்டு மாடல் டி காருக்கு 23 பவுண்டு வரி. ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு. மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், உள்நாட்டுக்கு ஒரு சிறிய எஞ்சினும் ஏற்றுமதிக்குப் பெரிய எஞ்சினும் என்று இரண்டாகத் திட்டமிட்டதும் இந்த வரிக்குப் பயந்துதான். கடைசியில் 1948-இல் கார் வெளிவந்தபோது பழைய 918 சி.சி. எஞ்சினையே வைத்தார்கள். அதே 1948-இல் அந்த வரி முறையும் போய், புதிய கார்களுக்கு ஒரே விகிதமாக 10 பவுண்டு என்று ஆகிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரி எதை அளக்கிறதோ, கார் அதற்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். அரசாங்கம் எதை மனத்தில் வைத்து வரி போட்டது என்பதைப் பற்றி எஞ்சினுக்குக் கவலை இல்லை.

நம் ஊர் சி.சி. கணக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டின் கார் வரிகள் வேறு காரணங்களுக்காக வளர்ந்தன. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா பிறந்தது. அதைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதி வரி மலையளவு வைக்கப்பட்டது. ஆசியான் ஒப்பந்தத்துக்காக 2004-இல் இறக்குமதி வரியைக் குறைத்தபோது கலால் வரியை உயர்த்தி இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள். தேசியக் காரைக் காப்பது, கஜானாவை நிரப்புவது என்ற இந்த இரண்டு நோக்கங்களுக்கு நடுவே புகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் காலத்தில் அதைக் குறை சொல்லவும் முடியாது. 

ஆண்டுதோறும் கட்டும் சாலை வரியோ முழுக்க சி.சி.தான். தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் உள்ள சாதாரண சலூன் காருக்கு, 1,000 சி.சி. வரை 20 வெள்ளி. 1,400 வரை 70 வெள்ளி, 1,600 வரை 90 வெள்ளி. அதற்கு ஒரு சி.சி. கூடினாலும் 200 வெள்ளிக்குத் தாவிவிடுகிறது. 2,000 சி.சி.க்கு 380, 2,500 சி.சி.க்கு 880, 3,000 சி.சி.க்கு 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 வெள்ளி 50 காசு.

இந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே நம் சாலைகளில் ஓடும் கார்களின் கதை விளங்கும். கஞ்சில், மைவி, சாகா, வீரா, சிட்டி, வியோஸ்... எல்லாம் 1,600-க்குள் அடங்கியவை. 1994-இல் 660 சி.சி.யோடு வந்த பெரோடுவா கஞ்சில் எத்தனை குடும்பங்களை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தது! சின்ன எஞ்சின் குறைவாகக் குடிக்கும். ஆகவே சி.சி. வரி, தெரிந்தோ தெரியாமலோ, நெடுங்காலம் புகையையும் ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது டர்போ. 2016-இல் வந்த ஹோண்டா சிவிக் 1.5 டர்போ, அதற்கு முந்தைய 2.0 எஞ்சினைவிட அதிக சக்தி கொண்டது. ஆனால் சாலை வரி 380-லிருந்து 90 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. எஞ்சினைச் சுருக்கி, காற்றை உள்ளே திணித்து, சக்தியை மட்டும் பெருக்கிக்கொண்டார்கள். மோரிஸ் எய்ட் செய்த அதே வேலைதான், ஏறக்குறைய எண்பது வருடத்துக்குப் பிறகு! அந்த எஞ்சின் எண்ணெயை மிச்சப்படுத்தவில்லை என்று நான் சொல்லவரவில்லை, ஓரளவு மிச்சப்படுத்துகிறது. ஆனால் வரி நாலில் ஒரு பங்காகக் குறைந்த அளவுக்குப் புகை குறையவில்லை.

இன்னொரு வேடிக்கை. நான்கு சக்கர ஓட்டம் கொண்ட ஜீப் வகை வாகனங்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. 4,000 சி.சி. சலூன் காருக்கு 6,630 வெள்ளி வருகிறது. அதே 4,000 சி.சி. எஞ்சினைக் கனமான ஜீப்பில் வைத்தால் 3,240 வெள்ளிதான். கனம் கூடினால் எண்ணெயும் கூடத்தான் குடிக்கும், வரியோ பாதி! தோட்டப்புறச் செம்மண் சாலையில் ஓடிய காலத்துக்கு அந்தச் சலுகை பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அவை பெரும்பாலும் பங்சாரில் பள்ளிக்கூட வாசலில் நிற்கின்றன.

அப்பாவின் காரும் என் காரும்

அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 2,400 சி.சி. பழைய சலூன் கார் ஒன்றை வாங்கினார். சாலை வரியைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுவதால் இப்படிப்பட்ட கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவருக்கு ஆண்டு வரி 780 வெள்ளி. எனக்கு 1.5 டர்போ, 90 வெள்ளி.

நான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். போக வர 70 கிலோமீட்டர். மாதம் 22 நாள், வருடத்துக்கு 18,480 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 1,290 லிட்டர் பெட்ரோல். கரியமில வாயு கிட்டத்தட்ட 3 டன். அப்பாவோ தெங்கு கிளானா சாலையில் சாமான் வாங்குவதற்கும், கோயிலுக்கும், மருத்துவமனைக்கும்தான் காரை எடுக்கிறார். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் தேறினால் பெரிது. அவருடைய பழைய எஞ்சின் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடித்தாலும் மொத்தம் 360 லிட்டர். 830 கிலோ புகை. அதாவது நான் அவரைவிட மூன்றரை மடங்குக்கு மேல் புகை விடுகிறேன். அவர் என்னைவிட எட்டரை மடங்குக்கு மேல் வரி கட்டுகிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா? கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய காரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் பணம் புரட்டும் குடும்பங்கள் எத்தனை! கரியமில வாயுவின் பெயரால் வரியை மாற்றப்போகிறோம் என்று யாராவது சொன்னால் முதலில் அஞ்சுவது அவர்கள்தான். அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. இதுவரை கொடுக்கப்பட்ட பசுமைச் சலுகைகள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தாலே போதும்.

2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சி.சி.க்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரி முழுவதும், கலால் வரியில் பாதியும் தள்ளுபடி செய்யப்பட்டன. டீசல் கார்களுக்கு இருந்த கூடுதல் சாலை வரியும் அப்போதே நீக்கப்பட்டு பெட்ரோல் காருக்குச் சமமானது. கோப்பன்ஹேகனில் 2009 டிசம்பரில் நடந்த மாநாட்டில், 2005-ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு வெள்ளிக்கும் வெளியாகும் கரியை 2020-க்குள் 40 விழுக்காடு வரை குறைப்போம் என்று பிரதமர் நஜிப் துன் ரசாக் அறிவித்தார். 2010 அக்டோபரில் ஹைபிரிட் கார்களுக்குக் கலால் வரியும் முழுமையாகத் தள்ளுபடி. ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே ஹோண்டா இன்சைட் வந்தது. பிறகு டொயோட்டா பிரியஸ் சி வந்தது. பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலமிலும் சத்தமில்லாமல் நகரும் கார்களைப் பார்த்து எல்லோரும் வியந்தோம். 2013 இறுதியில் இறக்குமதிக் கார்களுக்கான சலுகை முடிந்தது. அதோடு அந்த உற்சாகமும் அடங்கிவிட்டது. பின்னாளில் அவற்றைப் பழைய காராக வாங்கியவர்களுக்கு 'பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது' என்ற கவலைதான் மிச்சமானது. ஒரு வரிச் சலுகை ஐந்து வருடம் எரிந்து அணைந்தால், அதை நம்பித் தொழில் வளர்க்க எந்த நிறுவனம் முன்வரும்?

அடுத்து மின்கார். 2022 ஜனவரி முதல் மின்கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி எல்லாம் தள்ளுபடி. 2025 இறுதி வரை சாலை வரியும் சுழியம். ஆனால் தேசியக் கார்களுக்குப் போட்டி வரக்கூடாது என்று, இறக்குமதி மின்கார் எதையும் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் அந்த ஆண்டுகளில் இருந்தது. இதை யோசித்துப் பாருங்கள். புகையைக் குறைப்பதற்காக அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரி, ஒரு லட்சம் கொடுத்துக் கார் வாங்க முடிந்தவருக்கு மட்டுமே கிடைத்தது. அப்பா 780 வெள்ளி கட்டிய அதே ஆண்டுகளில் மூன்று லட்சம் வெள்ளி மின்கார் ஒரு காசும் கட்டவில்லை. புரோட்டோன் 2024 டிசம்பரில் தன் முதல் மின்காரைக் கொண்டுவந்தது. தேசிய நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கு நன்றாகவே கீழே மின்கார் விலையை இறக்கியது 2025 இறுதியில்தான்.

போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2023 டிசம்பரில் அறிவித்தபடி, 2026 ஜனவரி முதல் மின்காருக்கும் சாலை வரி உண்டு. 20 வெள்ளியில் தொடங்கி மோட்டாரின் கிலோவாட் சக்திக்கு ஏற்ப உயர்கிறது. கிலோவாட் என்றால் என்ன? குதிரைத் திறனின் இன்றைய பெயர்! 1921-இல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோமோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சக்தி வாய்ந்த மோட்டார் என்பதற்காக அது அதிக மின்சாரம் எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டுகிற தூரமும் காரின் கனமும்தானே அதைத் தீர்மானிக்கின்றன?

மின்காருக்குப் புகையே இல்லை என்பவர்களைக் காப்பாருக்கு வரச் சொல்வேன். எங்கள் கிள்ளான் வட்டாரத்திலேயே நிற்கிறது அந்த மின்நிலையம். நிலக்கரி எரிகிற புகைபோக்கிகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் மின்கார் சுத்தமாக ஓடும், அதற்கான புகையில் ஒரு பங்கு காப்பாரில் போகும். சிங்கப்பூர் இதை மறக்கவில்லை. அங்கே 2013 முதல் கார் வரியில் கரியமில வாயுவையே கணக்கில் எடுத்தார்கள். குறைவாக விடும் காருக்குத் தள்ளுபடி, அதிகமாக விடும் காருக்குக் கூடுதல் கட்டணம். 2016-இல் ஒருவர் டெஸ்லா மின்காரை இறக்குமதி செய்து பதியப் போனார். தள்ளுபடி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு 15,000 சிங்கப்பூர் டாலர் கூடுதல் கட்டணம்! கார் எடுக்கும் மின்சாரத்தை, அதை உற்பத்தி செய்யும்போது வரும் புகையாக மாற்றிக் கணக்கிட்டிருந்தார்கள். உலகம் முழுவதும் அந்தச் செய்தி பேசப்பட்டது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மின்கார் பெரும்பாலும் பெட்ரோல் காரைவிடக் குறைவாகவே புகைக்குக் காரணமாகிறது என்பது உண்மை. ஆனால் குறைவு வேறு, சுழியம் வேறு. 2018-இல் சிங்கப்பூர் தன் திட்டத்தை மாற்றி, கரியமில வாயுவோடு நுரையீரலைக் கெடுக்கும் வேறு நான்கு மாசுகளையும் சேர்த்துக்கொண்டது.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் பிரிட்டன் பட்ட பாடும் இருக்கிறது. பிரிட்டன் 2001 மார்ச் முதல் புதிய கார்களுக்குக் கரியமில வாயுவின் அளவைப் பார்த்து வரி போட்டது. ஒரு கிலோமீட்டருக்கு டீசல் கார் குறைவாகக் கரியமில வாயு விடும். ஆகவே மக்கள் டீசலுக்குத் தாவினார்கள். அதே டீசல் நைட்ரஜன் ஆக்சைடையும் கரித்தூளையும் நகரத்துக் காற்றில் கலந்தது. 2015-இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் பரிசோதனையில் மட்டும் சுத்தமாக நடந்துகொள்ளும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது அம்பலமானது. மறுபடியும் அதே கதைதான், அளந்ததைக் குறைத்தார்கள், அளக்காததை அவிழ்த்துவிட்டார்கள்.

இலங்கையிலும் ஒரு முயற்சி நடந்தது. நிதியமைச்சர் மங்கள சமரவீர 2017 நவம்பரில் அறிவித்த 'கார்பன் வரி' 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பெயர்தான் கார்பன்; கணக்கிட்டதோ சி.சி.யையும் வாகனத்தின் வயதையும் எரிபொருள் வகையையும்! பழைய வாகனத்துக்குக் கூடுதல் வரி. பழைய வாகனம் யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, அந்த வரியும் போய்விட்டது. சாதாரண மக்களைப் பகைத்துக்கொண்டு வரும் எந்தப் பசுமை வரிக்கும் ஆயுள் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பிரிட்டன் 2001-இல் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. புதிய கணக்கு புதிதாகப் பதியப்படும் கார்களுக்கு மட்டுமே. பழைய கார்களை அவர்கள் பழைய சி.சி. கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். அளவுகோலும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2014 ஜனவரியில் வெளியான தேசிய வாகனத் தொழில் கொள்கையில், காரின் எடைக்கு ஏற்ப நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கலாம் என்று வரையறுத்து, அதற்குள் வருபவற்றை எரிசக்திச் சிக்கன வாகனம் என்று அங்கீகரிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு வந்த பெரோடுவா அக்ஸியா அந்தத் தகுதியைப் பெற்றது. தயாரிப்பாளருக்குச் சலுகை கொடுக்க லிட்டர் கணக்கு உதவுகிறதென்றால், நாம் கட்டும் சாலை வரிக்கு மட்டும் அது ஏன் உதவாது? அந்த லிட்டரை 2.3-ஆல் பெருக்கினால் கரியமில வாயு வந்துவிடப்போகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. ஆண்டு வரி எதை அளந்தாலும், நிற்கிற காரையும் ஓடுகிற காரையும் ஒன்றாகத்தான் பார்க்கும். ஓடுவதை உண்மையில் அளப்பது பெட்ரோல் நிலையத்து மீட்டர். அங்கேதான் நம் நாடு நெடுங்காலம் எதிர்த்திசையில் போனது. வரி வாங்க வேண்டிய இடத்தில் மானியம் கொடுத்தோம். 2008 ஜூனில் திடீரென்று ஏற்றிய விலையும், உலகச் சந்தை சரிந்ததும் அதே ஆண்டு பலமுறை குறைக்கப்பட்டது. 2014 டிசம்பரில் மானியத்தை எடுத்தார்கள், பிறகு வேறு பெயரில் அது திரும்பி வந்தது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்று வந்தபோது, முதன்முறையாக ஒரு மனிதர் எத்தனை லிட்டர் போடுகிறார் என்பதை அரசாங்கம் எண்ணத் தொடங்கியது. மானியம் கொடுக்கத்தான் எண்ணுகிறார்கள். ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதானே! என்றைக்காவது சாலை வரியை லிட்டரோடு முடிச்சுப் போட நினைத்தால் அதற்கான கணக்குப் புத்தகம் அங்கே தயாராக இருக்கிறது.

இதையெல்லாம் அரங்கத்துக்குப் போகும் முன் அப்பாவிடம் ஒப்பித்துக் காட்டினேன். கைத்தொலைபேசியில் ஜே.பி.ஜே. செயலியைத் திறந்து தன் சாலை வரி எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார். 2023 பிப்ரவரியிலிருந்து கண்ணாடியில் வில்லை ஒட்டத் தேவையில்லை என்று சொன்ன பிறகும் அவர் தன் காரில் ஒன்றை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்.

"ஏம்மா, நீ சொல்ற கணக்குல என் காடிக்கு எவ்வளவு வரும்?"

போட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டுவது 870 வெள்ளி. அதை நாங்கள் விடும் புகைக்கேற்பப் பிரித்தால் அவருக்கு ஏறக்குறைய 190 வெள்ளி, எனக்கு 680.

"அப்போ நீ கொமுட்டர்ல போயேன். உன் தாத்தா காலத்துலேர்ந்து ஓடுற ரயிலுதானே."

போகலாம். கிள்ளானில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிடலாம். காலையில் போவதில் ஒரு சிரமமும் இல்லை. இரவு ஒளிப்பதிவு முடிந்து நான் வெளியே வரும்போது கடைசி ரயில் போய்விட்டிருக்கும் என்றேன். அப்பா மறுபடியும் அந்தத் தாளை வாங்கி 680-ஐப் பார்த்துக்கொண்டிருந்தார்.